ஒரே முட்டி, இரண்டு முடிவு: வான் நிஸ்டல்ராயை மான்செஸ்டர் யுனைடெட் விட்டதும் வாங்கியதும்

2000 ஏப்ரல் மாதக் கடைசி. நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் பிஎஸ்வி கால்பந்து கிளப்பின் பயிற்சி மைதானம். 23 வயது ஸ்ட்ரைக்கர், அதாவது கோல் அடிக்கும் முன்கள வீரர், ஒருவர் காயத்திலிருந்து தேறி, கோல் முன்னால் பந்தை அடித்துப் பழகிக்கொண்டிருக்கிறார். தொலைக்காட்சி கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது. திடீரென்று விழுகிறார். வலது முட்டியைப் பிடித்துக்கொண்டு அலறுகிறார். அந்தப் பதிவை இன்று பார்த்தாலும் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றும். முட்டிக்குள் இருக்கும் முன்சிலுவை ஜவ்வு, ஆட்டக்காரர்கள் எல்லோரும் ‘ஏசிஎல்’ என்று சொல்வது, அறுந்துவிட்டது.

அவர்தான் ரூட் வான் நிஸ்டல்ராய். அவரை 1.85 கோடி பவுண்டுக்கு வாங்கும் பேச்சை மான்செஸ்டர் யுனைடெட் கைவிட்டு ஒரு நாள்தான் ஆகியிருந்தது. கைவிட்டதற்குக் காரணமும் இதே முட்டிதான். சரியாக ஓராண்டு கழித்து, 2001 ஏப்ரலில், அதே கிளப் அதே முட்டியோடு அதே ஆளை 1.9 கோடி பவுண்டுக்கு வாங்கியது. அறுந்து தைத்த முட்டிக்கு, அறுவதற்கு முன்பு பேசிய விலையைவிட 5 லட்சம் பவுண்டு அதிகம்.

முதலில் பயந்தார்கள், அப்புறம் துணிந்தார்கள் என்று சொல்லி இந்தக் கதையை முடித்துவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டு முடிவுமே சரி என்பதுதான் என் கட்சி. காயம்பட்ட நட்சத்திரத்தை வாங்கலாமா என்ற கேள்விக்கு, நான் அறிந்தவரை இதைவிடத் தெளிவான பாடம் தரும் நிகழ்வு வேறில்லை.

ஆள் யார், ஏன் அந்த விலை

ஓஸ் நகரத்தில் 1976-இல் பிறந்தவர். டென் போஷ், ஹேரன்வேன் என்று சின்ன கிளப்களில் ஆடிவிட்டு 1998-இல் பிஎஸ்விக்கு வந்தார். முதல் சீசனில் 34 லீக் ஆட்டங்களில் 31 கோல். அடுத்த சீசனில் 23 ஆட்டங்களில் 29. ஆட்டத்துக்கு ஒன்றுக்கு மேல் என்ற கணக்கு எந்த லீக்கிலும் சாதாரணமில்லை. டச்சு லீக்கின் தற்காப்பு கொஞ்சம் தளர்வுதான் என்று கழித்துப் பார்த்தாலும் இது பெரிய எண்.

23 ஆட்டத்தோடு நின்றதற்குக் காரணம் 2000 மார்ச்சில் பட்ட காயம். முட்டியின் உள்பக்க ஜவ்வு பாதிக்கப்பட்டது. இந்த உள்பக்க ஜவ்வு காயம் பெரும்பாலும் அறுவை இல்லாமலே ஆறும். நல்ல ஓய்வும் ஃபிசியோவும் இருந்தால் சில வாரங்களில் ஆள் மைதானத்தில் இருப்பார். பிஎஸ்வி தரப்பும் அதையே சொன்னது: ஆறிக்கொண்டிருக்கிறது, கவலைப்பட ஒன்றுமில்லை.

யுனைடெட்டின் நிலைமையையும் பார்க்க வேண்டும். 1999-இல் மூன்று கோப்பைகளை ஒரே சீசனில் வென்ற அணி. 2000-இல் லீக்கை 18 புள்ளி வித்தியாசத்தில் வென்றது. ஆண்டி கோல், ட்வைட் யார்க், டெடி ஷெரிங்கம், சோல்ஷார் என்று நான்கு ஸ்ட்ரைக்கர்கள் இருந்தார்கள். இன்றைக்கே கோல் அடிக்க ஆள் வேண்டும் என்ற நெருக்கடி இல்லை. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

மெடிக்கல் அறையில்

வீரரை வாங்குமுன் நடக்கும் மருத்துவப் பரிசோதனையை ரசிகர்கள் சம்பிரதாயம் என்று நினைக்கிறார்கள். கட்டைவிரலை உயர்த்திக்கொண்டு படுக்கையில் இருக்கும் புகைப்படம் வரும், அடுத்த நாள் ஜெர்சியோடு நிற்பார். உள்ளே நடப்பது அவ்வளவு லேசான காரியமில்லை.

முட்டியைப் பார்க்கும் டாக்டர் முதலில் செய்வது மிக எளிய ஒன்று. வீரரை மல்லாக்கப் படுக்கவைத்து, முட்டியை லேசாக, ஒரு 20, 30 டிகிரி மடக்குவார். ஒரு கையால் தொடையை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் கெண்டைக்காலை முன்னால் இழுப்பார். ஜவ்வு நன்றாக இருந்தால் கயிறு இழுபட்டு நிற்பதுபோல் ‘டக்’ என்று ஓரிடத்தில் நிற்கும். ஜவ்வு தளர்ந்திருந்தால் அந்த நிறுத்தம் மெத்தென்று இருக்கும், எலும்பு இன்னும் கொஞ்சம் முன்னால் வரும். மறு காலிலும் அதையே செய்து ஒப்பிடுவார். வித்தியாசம் சில மில்லிமீட்டர்தான். அந்தச் சில மில்லிமீட்டரை விரலால் உணர்ந்துதான் கோடிக்கணக்கான பணத்துக்குத் தலையாட்டவோ மறுக்கவோ வேண்டும்.

அப்புறம் எம்ஆர்ஐ ஸ்கேன். ஸ்கேன் ஜவ்வின் தோற்றத்தைக் காட்டும். அது எவ்வளவு பாரம் தாங்கும் என்பதை அப்படியே காட்டிவிடாது. ஓரளவு கிழிந்து ஆறிய ஜவ்வு ஸ்கேனில் முழுசாகத் தெரியலாம், இழுவை வரும்போது கைவிடலாம். சந்தேகம் தீர வேண்டுமென்றால் முட்டியில் சின்னத் துளை போட்டு, கேமராவை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். ஆனால் அது மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் காரியம். அப்புறம் சில வாரம் ஓய்வும் வேண்டும்.

யுனைடெட் டாக்டர்களுக்குச் சந்தேகம் வந்தது. முட்டியை இன்னும் ஆழமாகப் பார்க்க வேண்டும் என்றார்கள். பிஎஸ்வி, ஆள் நலமாகத்தான் இருக்கிறார் என்று சொல்லி மேற்கொண்டு பரிசோதனைக்கு ஒப்புக்கொள்ளவில்லை. அறிமுகத்துக்கு ஏற்பாடு செய்திருந்த பத்திரிகையாளர் சந்திப்பு முதலில் தள்ளிப்போனது, அப்புறம் இல்லாமலே போனது.

பிஎஸ்வியின் பக்கம் நின்று பார்த்தால் அந்த மறுப்பும் புரிகிறது. உள்ளே பார்த்து ஏதாவது கோளாறு தெரிந்துவிட்டால் யுனைடெட் போய்விடும். அதோடு, உலகத்துக்கே தெரிந்த ஒரு குறையோடு அந்த வீரர் பிஎஸ்வியிடமே நிற்பார், அடுத்து யாரும் அந்த விலைக்கு வரமாட்டார்கள். ஜூனில் யூரோ 2000 வேறு. நெதர்லாந்தும் பெல்ஜியமும் சேர்ந்து நடத்தும், ஐரோப்பிய நாடுகளுக்கான போட்டி அது. நாட்டின் முன்னணி ஸ்ட்ரைக்கர் ஒருவரின் முட்டியில் துளை போட்டு அவரை வாரக்கணக்கில் உட்காரவைக்க யாருக்கும் மனம் வராது.

விற்கிறவருக்குத் தெரிந்தது வாங்குகிறவருக்குத் தெரியாது என்பதுதான் இந்த வியாபாரத்தின் அடிப்படைச் சிக்கல். பழைய வண்டி வாங்குவதைப்போல. இன்ஜினைத் திறந்து பார்க்கிறேன் என்று வாங்குகிறவர் கேட்டு, விற்கிறவர் மாட்டேன் என்றால், அந்த மறுப்பே ஒரு தகவல்தான். இன்ஜினில் கோளாறு இருந்தாக வேண்டும் என்று அர்த்தமில்லை. ஆனால் கோளாறு இருந்தால் வரும் நட்டத்தை இனி முழுக்க வாங்குகிறவர் ஏற்கவேண்டும்.

இதில் சட்டமும் வாங்குகிறவருக்குச் சாதகமாக இல்லை. இன்றைய ஃபிஃபா விதிப்படி, வீரரோடு போடும் ஒப்பந்தம் மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் செல்லும் என்று நிபந்தனை வைக்கக் கூடாது. கையெழுத்துப் போட்டுவிட்டு ‘முட்டி சரியில்லை, திருப்பி எடுத்துக்கொள்’ என்று சொல்ல முடியாது. பார்ப்பதையெல்லாம் கையெழுத்துக்கு முன்னாலேயே பார்த்துவிட வேண்டும்.

ஆகவே 2000 ஏப்ரலில் யுனைடெட் முன் இருந்தது இதுதான்: சந்தேகம் இருக்கிறது, சந்தேகத்தைத் தீர்க்க வழி இருக்கிறது, அந்த வழி அடைக்கப்பட்டிருக்கிறது, விலையோ முழு ஆரோக்கியமான வீரருக்கான விலை. அவசரமும் இல்லை. விட்டுவிட்டார்கள்.

அடுத்த நாளே ஜவ்வு அறுந்ததால், ‘பார்த்தீர்களா, யுனைடெட் டாக்டர்கள் சொன்னதே நடந்தது’ என்று எழுதுவது சுலபம். நான் அப்படி எழுதமாட்டேன். ஏசிஎல் நல்ல முட்டியிலும் அறுகிறது. யாரும் தொடாமல், ஓடி வந்து காலை ஊன்றித் திரும்பும்போதே அறுகிறது. அவர் அன்று விழாமல் இருந்து, யூரோவில் ஐந்து கோல் அடித்திருந்தாலும் யுனைடெட்டின் ஏப்ரல் முடிவு சரியான முடிவாகவே இருந்திருக்கும். கையில் இருந்த தகவலை வைத்துத்தான் ஒரு முடிவை எடைபோட வேண்டும். மறுநாள் என்ன நடந்தது என்பதை வைத்து அளந்தால், அடுத்த முறை அதிர்ஷ்டத்தையே அறிவு என்று எடுத்துக்கொள்வோம்.

காத்திருந்த ஓராண்டு

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் வெய்ல் என்ற மலையூர். முட்டி அறுவை என்றாலே விளையாட்டு உலகம் சொல்லும் பெயர்களில் ஒன்றான டாக்டர் ரிச்சர்ட் ஸ்டெட்மன் அங்கேதான் இருந்தார். வான் நிஸ்டல்ராயின் அறுவை அங்கே நடந்தது.

அறுந்த ஏசிஎல்லை அப்படியே தைத்து ஒட்டுவது அரிது. பொதுவாக, உடம்பின் வேறோர் இடத்திலிருந்து ஒரு நாரை எடுத்து, எலும்பில் துளையிட்டு, ஜவ்வு இருந்த இடத்தில் பொருத்துவார்கள். பொருத்திய நார் உடனே ஜவ்வு ஆகிவிடாது. முதல் சில மாதங்களில் அது உண்மையில் பலம் குறைகிறது. பிறகுதான் புது ரத்த ஓட்டம் பிடித்து, மெல்ல ஜவ்வின் குணத்தைப் பெறுகிறது. வலி போய்விடும், வீக்கம் வடிந்துவிடும், ஓடவும் முடியும், ஆனால் உள்ளே வேலை முடிந்திருக்காது. இதனால்தான் ஒன்பது மாதத்துக்கு முன்னால் போட்டிக்குத் திரும்பினால் மறுபடி அறுவதற்கான ஆபத்து அதிகம் என்று இன்று விளையாட்டு மருத்துவர்கள் பலரும் எச்சரிக்கிறார்கள். ஆட்டக்காரர்கள் ‘நல்லா இருக்கேன்’ என்று சொல்வது பொய்யில்லை. அவர்களுக்கு அப்படித்தான் தெரிகிறது.

இந்த இடத்தில் யுனைடெட் மேனேஜர் அலெக்ஸ் ஃபெர்குசன் செய்தது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒப்பந்தம் முறிந்துவிட்டது, வீரர் படுத்துவிட்டார், கிளப்புக்கு எந்தக் கடமையும் இல்லை. அவரோ தொடர்பை விடவில்லை. நெதர்லாந்துக்கே போய்ப் பார்த்தார். நீ தேறி வா, உன்னை விட்டுவிடவில்லை என்று தெரியப்படுத்தினார். இதை வெறும் மனிதாபிமானம் என்றும் சொல்லலாம், அதுவும் உண்மைதான். கூடவே நல்ல வியாபாரமும்கூட. ஒரு பைசா முதல் போடாமல், உலகின் சிறந்த இளம் ஸ்ட்ரைக்கர்களில் ஒருவரின் மனதில் முதல் இடத்தை வாங்கி வைத்துக்கொண்டார். ஆள் தேறாவிட்டால் நட்டம் ஒன்றுமில்லை. தேறினால், வரிசையில் யுனைடெட் முதலில்.

அந்த ஓராண்டில் சம்பளம் கொடுத்தது பிஎஸ்வி. அவரது கோல்கள் இல்லாமல் ஆடியதும் பிஎஸ்வி. ஆனாலும் 2000-01 டச்சு லீக்கை வென்றார்கள் என்பது வேறு விஷயம். யுனைடெட்டும் தன் லீக்கை வென்றது. 35 வயது ஷெரிங்கம் அந்த சீசனில் இங்கிலாந்தின் சிறந்த வீரர் விருதுகளை வாங்கினார். காத்திருந்ததால் யுனைடெட் இழந்தது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. காத்திருக்க வசதியுள்ளவன் காத்திருக்கலாம், அதுதான் இங்கே பெரிய பலம்.

அப்புறம் ஏன் அதிக விலை?

இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். முட்டி அறுந்தவரின் விலை பாதியாகக் குறைந்திருக்க வேண்டாமா?

2000-க்கும் 2001-க்கும் நடுவில் மாறியது என்னவென்று பாருங்கள். முதலாண்டில் முட்டியின் நிலை சந்தேகம். இரண்டாம் ஆண்டில் அதில் சந்தேகமில்லை. எது அறுந்தது, யார் சரிசெய்தார், எத்தனை மாதம் ஆயிற்று, இரண்டு காலின் பலத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் எல்லாம் தெரியும். 2001 வசந்தத்தில் அவர் பிஎஸ்விக்காக மறுபடி இறங்கி ஆடினார். நிஜமான ஆட்டத்தில் நிஜமான டிஃபெண்டர்கள் இடிக்க, அந்த முட்டி தாங்கியதைப் பார்த்தார்கள். மெடிக்கலில் இந்த முறை யாரும் கதவை அடைக்கவில்லை.

நோயில்லாத முட்டி என்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் அது அறிந்த முட்டி. ஒரு கிளப்புக்கு அறியாத ஆபத்தைவிட அறிந்த ஆபத்து மலிவு, ஏனென்றால் அதற்கு விலை போடமுடியும்.

வயதையும் கணக்கில் எடுங்கள். கையெழுத்திடும்போது 24. ஐந்தாண்டு ஒப்பந்தம். ஒரு ஸ்ட்ரைக்கரின் உச்ச காலம் முழுதும் அந்த ஐந்தாண்டுக்குள் வருகிறது. கிளப் கணக்கில் வாங்கிய தொகையை ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதுவார்கள். 1.9 கோடியை ஐந்தால் வகுத்தால் ஆண்டுக்கு 38 லட்சம் பவுண்டு. முதலாண்டு முழுக்கப் படுத்தாலும் மீதி நான்கு ஆண்டில் ஈடுகட்ட வழி இருக்கிறது. இதுவே 30 வயது வீரருக்கு இரண்டாண்டு ஒப்பந்தம் என்றால், ஓராண்டு போவது பாதி போவது.

ஆட்டத்தின் தன்மை அடுத்தது. வான் நிஸ்டல்ராயின் கோல்களில் மிகப் பெரும்பாலானவை பெனால்டி பகுதிக்குள் அடித்தவை. எங்கே நிற்க வேண்டும், பந்து எங்கே விழும், கோல்கீப்பரின் எடை எந்தக் காலில் இருக்கிறது என்று மோப்பம் பிடிக்கும் ஆட்டம். முட்டி அறுவைக்குப் பிறகு வேகத்தில் கொஞ்சம் குறைந்தாலும் இந்த அறிவு குறையாது. கோட்டோரம் பறந்து பறந்து ஆடும் விங்கருக்கு அதே காயம் வந்திருந்தால், நான் அதே விலையைக் கொடுக்கச் சொல்லியிருக்கமாட்டேன்.

நடந்தது எல்லோருக்கும் தெரியும். முதல் பிரீமியர் லீக் ஆட்டத்தில் ஃபுல்ஹமுக்கு எதிராக இரண்டு கோல். முதல் சீசனில் எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 36. இரண்டாவது சீசனில் 44, கூடவே லீக் கோப்பை. ஐந்து சீசனில் 219 ஆட்டம், 150 கோல். 2006-இல் 30 வயதில் ரியல் மாட்ரிட்டுக்குப் போனபோது சுமார் ஒரு கோடி பவுண்டு திரும்பி வந்தது. அங்கேயும் முதல் சீசனிலேயே ஸ்பெயின் லீக்கின் அதிக கோல் அடித்தவர்.

எனக்கு ஒரு கோல் போதும். 2003 மார்ச், ஓல்டு டிராஃபர்ட், மறுபடி ஃபுல்ஹம். நடுக்கோட்டுப் பக்கம் பந்து காலுக்கு வருகிறது. எதிரணி வீரர் ஒருவர் தோளை முட்டிக்கொண்டு கூடவே வருகிறார், அவரை உதறுகிறார். உள்பக்கம் வெட்டுகிறார், வெளிப்பக்கம் வெட்டுகிறார், ஒவ்வொரு வெட்டிலும் உடம்பின் முழு எடையும் ஊன்றிய காலின் முட்டி மேல் இறங்குகிறது. அப்படியே கடைசி வரை ஓடிப்போய் கோல் அடிக்கிறார். ஐந்தோவனில் விழுந்து அலறிய பதிவையும் இந்த ஓட்டத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தால், அந்த ஓராண்டுக் காத்திருப்பில் என்ன நடந்தது என்பது புரியும்.

அதே கிளப், வேறு முட்டிகள்

வெற்றிக் கதையை மட்டும் வைத்துப் பேசினால் அது ஆய்வாகாது. ஃபெர்குசன் இருந்தபோதே அதே கிளப் இன்னொரு முட்டியில் வசமாக மாட்டிக்கொண்டது.

நடுக்கள வீரர் ஓவன் ஹார்கிரீவ்ஸ், 2007-இல் பயர்ன் மியூனிக்கிலிருந்து சுமார் 1.7 கோடி பவுண்டுக்கு வந்தார். முந்தைய சீசனில்தான் கால் எலும்பு முறிந்து மீண்டிருந்தார். முதல் சீசன் பரவாயில்லை. 2008-இல் மாஸ்கோவில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் ஆடி, பெனால்டி ஷூட்-அவுட்டில் கோலும் அடித்தார். ஆனால் அந்த சீசனிலிருந்தே முட்டிச் சிப்பிக்குக் கீழே இருக்கும் தசைநாரில் வலி. அவரும் அதே ஸ்டெட்மனிடம்தான் போனார். அறுவை செய்துகொண்டார். மாதங்கள் ஓடின, ஆண்டுகள் ஓடின. 2010 நவம்பரில் உல்வ்ஸ் அணிக்கு எதிராக இரண்டாண்டுக்குப் பிறகு முதன்முறையாகத் தொடக்க அணியில் இறங்கினார். சில நிமிடத்திலேயே தொடைத்தசையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். நான்காண்டில் மொத்தம் 39 ஆட்டம். அதில் 34 முதல் சீசனிலேயே.

ஒரே கிளப், ஒரே மேனேஜர், ஒரே அறுவை நிபுணர். வித்தியாசம் எங்கே? ஒருவருக்கு அறுந்தது, இன்னொருவருக்குத் தேய்ந்தது. அறுந்த ஜவ்வுக்குத் தொடக்கம் உண்டு, சிகிச்சை உண்டு, முடிவு உண்டு. தேய்ந்த நாருக்கு அப்படியில்லை. ஓய்வெடுத்தால் வலி போகும், ஆடினால் வரும். ஒரு பக்கம் வலிக்கிறது என்று உடம்பு வேறு பக்கம் சாய்ந்து, அங்கே ஒன்று கிளம்பும். பார்க்க ஏசிஎல்தான் பயங்கரம், செய்தித்தாளில் அதுதான் முதல் பக்கம். வாங்குகிறவர் அதிகம் பயப்பட வேண்டியது இந்தச் சத்தமில்லாத தேய்மானத்துக்கு.

கொலம்பிய ஸ்ட்ரைக்கர் ரடமெல் ஃபால்காவ் கதை இன்னொரு மாதிரி. 2014 ஜனவரியில், பிரெஞ்சுக் கோப்பையில் நான்காம் நிலை அணி ஒன்றுக்கு எதிராக மொனாக்கோவுக்கு ஆடும்போது அவருக்கு ஏசிஎல் அறுந்தது. உலகக் கோப்பை போயிற்று. செப்டம்பர் 1-ஆம் தேதி, டிரான்ஸ்ஃபர் சந்தையின் கடைசி நாளில் யுனைடெட் அவரைக் கடனுக்கு, அதாவது சொந்தமாக வாங்காமல் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும், எடுத்தது. காயத்திலிருந்து ஏழு மாதத்துச் சொச்சம். வான் நிஸ்டல்ராய்க்கு ஓராண்டு பொறுத்த அதே கிளப். ஃபெர்குசன் அப்போது இல்லை, பெரிய பெயர் ஒன்றை உடனே காட்ட வேண்டிய கட்டாயம் இருந்தது. 29 ஆட்டம், 4 கோல். அந்தரத்தில் எழும்பித் தலையால் அடிப்பதும் ஒரே அடியில் பாய்வதும்தான் அவரது ஆயுதம். காலில் அந்த உந்துவிசை திரும்பியிருக்கவில்லை.

நிரந்தரமாக வாங்கும் வாய்ப்பை யுனைடெட் பயன்படுத்தவில்லை. கடனுக்கு எடுத்ததால் நட்டம் ஓராண்டோடு நின்றது, அந்தவரை நல்ல முடிவு. அடுத்து செல்சியிலும் ஓராண்டு கடன், அங்கே லீக்கில் ஒரே கோல். அவ்வளவுதான், முடிந்தது என்று உலகம் எழுதிவிட்டது. 2016-17-இல் மொனாக்கோவுக்கே திரும்பி 30 கோல் அடித்து, லீக்கை வென்று காட்டினார்! ஆகவே வீரர் தேறுவாரா என்று மட்டும் கேட்டால் போதாது. என் ஒப்பந்தக் காலத்துக்குள் தேறுவாரா என்று கேட்க வேண்டும். ஃபால்காவ் தேறினார், கடனுக்கு எடுத்த இருவருக்கும் அதில் பங்கில்லை.

இங்கிலாந்து டிஃபெண்டர் ஜொனாதன் வுட்கேட்டை விட்டுவிட்டு இந்தப் பேச்சு முழுமையாகாது. 2004 ஆகஸ்டில் ரியல் மாட்ரிட் அவரை வாங்கியபோதே தொடையில் காயம். விலை 1.34 கோடி பவுண்டு. ஓராண்டு முழுக்க ஒரு ஆட்டம் ஆடவில்லை. 2005 செப்டம்பரில் முதல் ஆட்டம், அத்லெட்டிக் பில்பாவோவுக்கு எதிராக. சொந்த வலைக்குள்ளேயே கோல் போட்டார், சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். அவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் நிறையப் பேர். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை, நல்ல டிஃபெண்டர் அவர். காயத்தைத் தெரிந்தே வாங்கி, அதற்கான கழிவை விலையிலும் வாங்காமல், ஒப்பந்தத்திலும் வாங்காமல் விட்டது கிளப்பின் தவறு.

நட்டம் யார் தலையில்

கழிவு எப்படி வாங்குவது என்பதற்கு ஸ்ட்ரைக்கர் டெம்பா பா நல்ல உதாரணம். 2011 ஜனவரியில் ஸ்டோக் சிட்டிக்கான மெடிக்கலில் அவரது முட்டி தேறவில்லை. ஸ்டோக் விட்டுவிட்டது. சில நாளில் வெஸ்ட் ஹாம் அவரை எடுத்துக்கொண்டது, ஆடும் ஆட்டத்துக்கு ஏற்பப் பணம் என்ற ஏற்பாட்டில். முட்டி கைவிட்டால் நட்டம் சிறிது. முட்டி கைவிடவில்லை, வந்த வேகத்தில் 7 லீக் கோல் அடித்தார். அணி கீழ் டிவிஷனுக்கு இறங்கியதும் டிரான்ஸ்ஃபர் தொகை இல்லாமலே நியூகாசிலுக்குப் போய் முதல் சீசனில் 16 லீக் கோல். ஸ்டோக் செய்தது தப்பா? அவர்கள் கேட்ட கேள்வி, முழு விலை கொடுக்கலாமா என்பது, அதற்கு ‘வேண்டாம்’ என்பது நியாயமான பதில். வெஸ்ட் ஹாம் கேள்வியையே மாற்றிக் கேட்டது.

ஆபத்தை இப்படிப் பங்கிட்டுக்கொள்ளப் பல வழிகள் இருக்கின்றன. முதலில் கொஞ்சம் கொடுத்து, இத்தனை ஆட்டம் ஆடினால் இன்னும் இவ்வளவு என்று விற்கும் கிளப்போடு பேசலாம். சம்பளத்தில் நிரந்தரப் பகுதியைக் குறைத்து ஆட்டத்துக்கு இவ்வளவு என்று வைக்கலாம். கடனுக்கு எடுத்து, பிடித்தால் வாங்கலாம். 2014 ஜனவரிக் கடைசியில் ஆர்சனல், நடுக்கள வீரர் கிம் ஷெல்ஸ்டிரமின் முதுகில் காயம் இருப்பது மெடிக்கலிலேயே தெரிந்தும் குறுகிய காலக் கடனுக்கு எடுத்தது. நான்கே ஆட்டம் ஆடினார். ஆனால் எஃப்ஏ கோப்பை அரையிறுதியில் விகனுக்கு எதிரான ஷூட்-அவுட்டில் அவர் அடித்த பெனால்டியும் சேர்ந்துதான் ஆர்சனலை இறுதிக்குக் கொண்டுபோனது. சின்ன முதல், சின்ன எதிர்பார்ப்பு.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். ஏற்கெனவே தெரிந்த காயத்துக்கு இன்சூரன்ஸ் நிறுவனங்கள் பொதுவாகப் பொறுப்பேற்பதில்லை. எந்த உறுப்புக்காகப் பயப்படுகிறோமோ அந்த உறுப்பைத்தான் பாலிசியிலிருந்து விலக்கி எழுதுவார்கள்.

ஐரோப்பாவின் முன்னணி கிளப்களைப் பின்தொடர்ந்து, ஐரோப்பியக் கால்பந்தின் தலைமை அமைப்பான யூஇஎஃப்ஏ 2001 முதல் ஒரு காய ஆய்வு நடத்துகிறது. அதில் ஏசிஎல் பற்றி வந்த முடிவை எல்லா கிளப் இயக்குநர்களும் மேசையில் ஒட்டிவைக்கலாம். காயம்பட்டவர்களில் கிட்டத்தட்ட எல்லோரும் ஓராண்டு வாக்கில் களத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். மூன்றாண்டு கழித்துப் பார்த்தால் 65 சதவீதம் பேர்தான் உச்ச மட்டத்தில் ஆடுகிறார்கள். ‘திரும்பி வந்துவிட்டார்’ என்ற செய்தியை நம்பிப் பணம் போடுகிறவர்கள் முதல் எண்ணை மட்டும் பார்க்கிறார்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம் போடுகிறவர் பார்க்க வேண்டியது இரண்டாவது எண். வான் நிஸ்டல்ராய் அந்த 65-க்குள் வந்தவர். வராமலும் போயிருக்கலாம். அப்படிப் போயிருந்தாலும் 2001 முடிவைத் தவறு என்று சொல்லியிருக்கமாட்டேன்.

கணக்கில் வராத ஆள்

இதுவரை பேசியதெல்லாம் கிளப்பின் கணக்கு. அந்த முட்டிக்குச் சொந்தக்காரரின் கணக்கு வேறு.

2000 ஏப்ரலில் இரண்டு கிளப்கள் அவரது முட்டியை நடுவில் வைத்துக்கொண்டு இழுத்தன. மேற்கொண்டு பரிசோதிப்பதா வேண்டாமா என்பதில் ஒருவருக்குப் பணம் போகும் பயம், இன்னொருவருக்குப் பணம் வராமல் போகும் பயம். அந்த வாரத்தின் முடிவில் இரண்டு கிளப்களும் லீக் வெல்லும் அணிகளாகவே இருந்தன. அவர் மட்டும் ஊன்றுகோலோடு இருந்தார்.

அந்தக் கோடையில் யூரோ 2000. அரையிறுதி, ஆம்ஸ்டர்டாம், இத்தாலிக்கு எதிராக. நெதர்லாந்து ஆட்ட நேரத்தில் இரண்டு பெனால்டியையும், ஷூட்-அவுட்டில் மூன்றையும் வீணாக்கித் தோற்றது. 23 ஆட்டத்தில் 29 கோல் அடித்தவர் அந்த அணியில் இல்லை. 2002 உலகக் கோப்பைக்கு நெதர்லாந்து தகுதியே பெறவில்லை.

அவரது முதல் பெரிய சர்வதேசப் போட்டி 2004 யூரோ. போர்ச்சுகலின் போர்ட்டோ நகரம், முதல் ஆட்டம், ஜெர்மனி 1-0 என்று முன்னிலை. 81-ஆவது நிமிடம், வலதுபக்கத்திலிருந்து பந்து வருகிறது. டிஃபெண்டர் ஜெர்சியும் உடம்புமாகப் பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கிறார். வான் நிஸ்டல்ராய் அவருக்கு முன்னால் காலை நீட்டி, விழுந்துகொண்டே அந்தப் பந்தைக் கோலுக்குள் தட்டுகிறார். இன்னும் இரண்டு வாரத்தில் அவருக்கு 28 வயது.